பெயர் கேட்காத பயணம்: பர்மா, ஜனவரி 2010

இந்தக் குறிப்புகளை அந்தந்த நாளிலேயே போட முடியவில்லை. அங்கே இணையக் கடைகளில் ஜிமெயில்கூடச் சாதாரணமாகத் திறக்காது, திறந்தாலும் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று தெரியாது. அதனால் நோட்டில் எழுதிக்கொண்டு வந்து, ஊர் திரும்பிய பிறகு ஒவ்வொரு நாளாகப் போடுகிறேன். என்னோடு பேசியவர்கள் ஒருவரின் பெயரும் இதில் இல்லை, சிலருடைய ஊரையும் வேலையையும் மாற்றியிருக்கிறேன். படங்களில் முகங்கள் இருக்காது. விலைகள், விதிகள், யார் காவலில் இருந்தார்கள் என்பதெல்லாம் 2010 ஜனவரியில் இருந்தபடி.

நாள் 1

பாங்காக்கில் பர்மா தூதரகத்தில் விசா வாங்கினேன். 28 நாள் சுற்றுலா விசா, ஏறக்குறைய 25 டாலர் ஆனது. படிவத்தில் என்ன வேலை என்று கேட்கிறார்கள். பத்திரிகைக்காரர் என்று எழுதினால் கிடைக்காது. நான் பத்திரிகைக்காரன் இல்லை, அதனால் உள்ளதையே எழுதினேன்.

போகலாமா கூடாதா என்று ஒரு வருடமாக யோசித்திருக்கிறேன். ராணுவ ஆட்சியை எதிர்த்த ஆங் சான் சூச்சியின் கட்சி 90களின் நடுவிலிருந்தே சுற்றுலாப் பயணிகள் வரவேண்டாம், உங்கள் பணம் ராணுவத்துக்குத்தான் போகும் என்று சொல்லிக்கொண்டிருந்தது. அந்த வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 1996-ஐச் சுற்றுலா ஆண்டு என்று அறிவித்துவிட்டு, அதற்காக மாண்டலே அரண்மனை அகழியைக் கைதிகளையும் ஊர்க்காரர்களையும் கூலி இல்லாமல் இறக்கித் தூர்வாரியவர்கள் இவர்கள். ஆனால் அங்கிருந்து வந்து தாய்லாந்தில் வேலை பார்க்கும் இரண்டு பர்மாக்காரர்களிடம் கேட்டபோது, போங்கள், அரசாங்க விடுதியில் தங்காதீர்கள், அரசாங்க ரயிலில் ஏறாதீர்கள், சின்னக் கடைகளில் சாப்பிடுங்கள் என்றார்கள். சரி, அப்படியே போவது, செலவையெல்லாம் எழுதிவைத்து எவ்வளவு யாருக்குப் போனது என்று கடைசியில் கணக்குப் பார்ப்பது என்று முடிவுசெய்தேன்.

முன்னேற்பாடு என்றால் முக்கியமாக டாலர்தான். அப்போது நாட்டில் வெளிநாட்டு அட்டைக்குப் பணம் தரும் இயந்திரம் ஒன்றுகூட இருக்கவில்லை, கடன் அட்டையும் செல்லவில்லை. பன்னிரண்டு நாளுக்கு வேண்டியதை முழுவதும் கையில் கொண்டுபோக வேண்டியிருந்தது. நோட்டில் மடிப்பு, பேனாக் கோடு, முத்திரை எதுவும் இருக்கக் கூடாது. சிபி என்று தொடங்கும் எண் உள்ள 100 டாலர் நோட்டையும் அப்போது வாங்கவில்லை. பாங்காக் வங்கியில் நோட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வாங்கி, ஒரு புத்தகத்தின் நடுவில் வைத்துக்கொண்டேன்.

நாள் 2

ரங்கூன். (1989-ல் ராணுவம் யாங்கோன் என்று மாற்றியது. எங்கள் தெருவில் இரண்டு பர்மாக்காரர் வீடுகள் இருந்தன, அவர்கள் சொல்லிக் கேட்டது ரங்கூன்தான், எனக்கும் அதுவே வருகிறது.)

அப்போது அரசு விலைப்படி ஒரு டாலருக்குச் சுமார் 6 சாட் (பர்மாப் பணம்). வெளியே சுமார் 1000. அரசு விலையில் ஒருவரும் மாற்றவில்லை. விடுதி அம்மாவிடமே 100 டாலர் கொடுத்தேன், நூல் கட்டிய கட்டுகளாக ஒரு லட்சம் சாட் கொண்டுவந்து வைத்தார். தெருவில் மாற்றினால் இரண்டு ரூபாய் கூடக் கிடைக்கும், எண்ணும்போதே நடுவில் பத்துத் தாள் காணாமல்போகும் என்று அவரே எச்சரித்தார். புதிதாக வந்திருக்கும் 5000 சாட் நோட்டைக் கொடுக்கட்டுமா, பழைய ஆயிரமா என்று கேட்டுவிட்டு, ஆயிரத்தையே வாங்கிக்கொள், பெரிய நோட்டை எங்கள் ஆட்களுக்குப் பிடிக்காது என்றார். காரணம் மறுநாள் புரிந்தது.

விடுதியின் வாசலில் வெளிநாட்டவர் தங்க அனுமதி உண்டு என்ற உரிமப் பலகை. அது இல்லாத இடத்தில் நாம் தங்க முடியாது. யார் வீட்டிலும் இரவு தங்கக் கூடாது. வெளிநாட்டவர் மட்டுமல்ல, அடுத்த ஊரிலிருந்து வந்த சொந்த அக்காவை இரவு தங்கவைத்தாலும் வட்டார அலுவலகத்தில் போய்ப் பதிய வேண்டும். நடுராத்திரியில் வந்து கதவைத் தட்டிச் சரிபார்ப்பார்கள்.

நகரத்தின் நடுவில் சூலே பகோடா. 2007 செப்டம்பரில் ராணுவ ஆட்சியை எதிர்த்துப் புத்தத் துறவிகள் ஆயிரக்கணக்கில் ஊர்வலம் போனது இந்தத் தெருக்களில்தான். ஜப்பானியச் செய்தியாளர் கென்ஜி நாகாய் சுடப்பட்டு விழுந்ததும் இங்கேதான். அந்த ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று டீசல் விலையை ஒரே இரவில் இரட்டிப்பாக்கினார்கள், பேருந்துகள் ஓடும் எரிவாயு விலை ஐந்து மடங்கானது, வேலைக்குப் போகிறவன் தினக்கூலியில் பாதியைப் பேருந்துக்கே கொடுக்க வேண்டியதாயிற்று. அதிலிருந்துதான் அந்தப் போராட்டம் தொடங்கியது. இன்று அங்கே பழைய புத்தகக்காரர்களும் வெற்றிலைக் கடைகளும்தான். வெள்ளைச் சட்டை பச்சைக் கைலி போட்ட பள்ளிப் பிள்ளைகள் சாலையைக் கடக்கிறார்கள். நடைபாதையில் ஒரு மேசை, அதன்மேல் இரண்டு வீட்டுத் தொலைபேசி, காவலுக்கு ஒரு பெண். அதுதான் பொதுத் தொலைபேசி. கைப்பேசிச் சிம் ஒன்று ஆயிரம் டாலருக்கு மேல் விற்கும் ஊரில் எல்லாரும் இந்த மேசைக்குத்தான் வருகிறார்கள், பின்னால் நிற்கிறவர் காதில் விழும்படிதான் பேசுகிறார்கள்.

மாலையில் காளியம்மன் கோயில். 1871-ல் தமிழர்கள் கட்டியது. கோபுரத்தைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் எந்த ஊரில் இருக்கிறேன் என்றே தோன்றவில்லை, அப்புறம் மின்சாரம் போய்விட்டது, தெரு முழுக்க நடைபாதை ஜெனரேட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக இரைய ஆரம்பித்தன. இந்த நாட்டின் கடலில் எடுக்கும் எரிவாயு குழாய் வழியாகத் தாய்லாந்துக்குப் போகிறது. நேற்று நான் பாங்காக்கில் பார்த்த விளக்குகளில் ஒரு பங்கு இங்கிருந்து போனது.

நாள் 3

இன்று முழுக்க ஒரு தேநீர்க் கடைதான். முழங்கால் உயரம்கூட இல்லாத பிளாஸ்டிக் முக்காலிகள், மேசைமேல் இலவசப் பச்சைத் தேநீர்க் குடுவை, பையனைக் கூப்பிட முத்தம் கொடுப்பதுபோல உதட்டில் ஒரு ஒலி. கடைப் பையன்கள் எல்லாம் பத்துப் பன்னிரண்டு வயது. அதைப் பார்த்துக்கொண்டு குடிப்பது கஷ்டமாக இருந்தது. தோசை இருந்தது, பர்மியமொழியிலும் அதற்குத் தோசை மாதிரியே ஒரு பெயர். நான் கேட்ட விதத்தைப் பார்த்துப் பக்கத்து மேசைப் பெரியவர் தமிழில் கேட்டார்: "தம்பிக்கு எந்த ஊர்?"

அவருக்கு எழுபதுக்கு மேல். இங்கேயே பிறந்தவர். அப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்க வந்தவர். 1942-ல் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது லட்சக்கணக்கான ஆட்கள் காட்டு வழியாக இந்தியாவுக்கு நடந்தார்களே, அதில் அவருடைய பெரியப்பா குடும்பம் போனது, ஊர் போய்ச் சேரவில்லை. இவர்கள் இருந்துவிட்டார்கள். 1962 மார்ச் 2 ராணுவம் வந்தது. 1964-ல் கடைகளையெல்லாம் அரசுடைமை ஆக்கினார்கள். அவர்களுடையது பலசரக்குக் கடை. ஒருநாள் காலையில் பலகையில் ஒரு எண்ணை மாட்டி, இனி இது மக்கள் கடை என்று சொல்லிவிட்டார்கள். அந்த வருடங்களில் ஏறக்குறைய மூன்று லட்சம் இந்தியர்கள் கிளம்பினார்கள், அதில் அவருடைய தங்கையும் சென்னைக்குக் கப்பலேறினார். துறைமுகத்தில் தோடுகூட விடாமல் கழற்றி வாங்கிக்கொண்டார்களாம்.

"நீங்க ஏன் போகல ஐயா?"

"அம்மாவுக்குக் கால் நடக்காது. அப்புறம் அம்மா போனாங்க, எனக்குப் பிள்ளைங்க ஆயிருச்சு."

மிச்சத்தைச் சேர்த்து ஒரு சின்னக் கடை வைத்தார். 1987 செப்டம்பரில் 25, 35, 75 சாட் நோட்டுகள் செல்லாது என்று வானொலியில் அறிவித்தார்கள், மாற்றித் தரவும் இல்லை. புதிதாக வந்தவை 45-ம் 90-ம். 1962-ல் ஆட்சியைப் பிடித்த தளபதி நே வின்னுக்கு ஒன்பது ராசி எண், அதனால் ஒன்பதால் வகுபடும் நோட்டு. பெரியவரின் பத்து வருடச் சேமிப்பு ஒரு மாலையில் காகிதமானது. அடுத்த வருடம், 8.8.88 அன்று, மக்கள் ஏன் தெருவுக்கு வந்தார்கள் என்று என்னிடம் யாரும் விளக்க வேண்டியதில்லை. இப்போது அவரிடம் மிச்சம் இருப்பது மனைவியின் ஒரு சங்கிலி. "தாளை நம்பாதே தம்பி" என்று இரண்டு முறை சொன்னார்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் வந்து பக்கத்து முக்காலியில் உட்கார்ந்தார். பெரியவர் குரலும் மாறவில்லை, முகமும் மாறவில்லை, சிமெண்டு விலை எவ்வளவு ஏறிவிட்டது பார் என்று வாக்கியத்தை முடித்தார். நானும் சிமெண்டு பற்றிப் பேசினேன். வந்தவர் வெறுமனே தேநீர் குடிக்க வந்தவராகவும் இருக்கலாம். கால் மணி நேரம் சிமெண்டு, மழை, அரிசி. அவர் போன பிறகும் விட்ட இடத்துக்குத் திரும்பவில்லை.

இதை எழுதும்போது இன்னொன்றையும் எழுத வேண்டும். தமிழர்கள் இங்கே வெறும் பாதிக்கப்பட்டவர்கள் என்று மட்டும் நினைத்துக்கொண்டு நான் வந்தேன். 1930களின் கடைசியில் கீழ்ப் பர்மாவின் நெல் நிலத்தில் ஏறக்குறைய கால் பங்கு செட்டியார்கள் கையில் இருந்தது, கடனைக் கட்ட முடியாத விவசாயிகளிடமிருந்து வந்தது. எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளின் தேக்குத் தூண்களைத் தடவிப் பார்க்கிற யாரும் இதையும் நினைக்கலாம். அந்தக் கோபத்தை ராணுவம் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது, அதன் விலையைக் கொடுத்தது மூட்டை தூக்கியவனின் பிள்ளை. தெருவில் ஒரு பையன் என்னைப் பார்த்துக் 'கலா' என்றான். இந்திய முகத்துக்கு இங்கே அதுதான் பெயர், அன்பாகச் சொல்வதில்லை. 1982 குடியுரிமைச் சட்டம் வந்த பிறகு, இங்கேயே பிறந்தவர்கள் பலர் இன்னும் வெளிநாட்டவர் பதிவு அட்டையோடு இருக்கிறார்கள்.

நாள் 4

பகதூர் ஷா ஜாபர் கல்லறை, காலையில். கடைசி முகலாயரை இங்கே நாடு கடத்தி, 1862-ல் இறந்ததும் அடையாளம் தெரியாமல் புதைத்துவிட்டார்கள். 1991-ல் தோண்டும்போதுதான் உண்மையான கல்லறை கிடைத்தது. பிறகு ஷ்வேடகோன் பகோடா, நுழைவு 5 டாலர். மாலை வெயிலில் அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பு இல்லை, போய்ப் பாருங்கள்.

வாடகைக் காரில் திரும்பும்போது பல்கலைக்கழக அவென்யூ வழியாகப் போக முடியுமா என்று கேட்டேன். ஓட்டுநர் பதிலே சொல்லாமல் வண்டியை வேறு பக்கம் திருப்பினார். அந்தச் சாலையில் 54ஆம் எண் வீட்டில்தான் அப்போது சூச்சி காவலில் இருந்தார். 2009 மே மாதம் ஒரு அமெரிக்கர் ஏரியில் நீந்திப் போய் அவர் வீட்டில் ஏறிவிட்டார், அதற்குத் தண்டனை சூச்சிக்கு, இன்னும் 18 மாதம் காவல். நான் கேட்டது தவறு. எனக்கு மிஞ்சினால் நாடு கடத்தல், அந்த ஓட்டுநருக்கு வண்டியும் போகும் வாழ்க்கையும் போகும். இனி நானாக எதையும் கேட்பதில்லை, அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்வது என்று அன்றைக்கு முடிவுசெய்தேன். பெயரும் கேட்பதில்லை.

நாள் 5

மாண்டலேக்கு இரவுப் பேருந்து, தனியார் வண்டி, சுமார் 10 டாலர். ரயில் அரசாங்கத்தினுடையது, வெளிநாட்டவர் டாலரில் பல மடங்கு கொடுக்க வேண்டும், அதனால் வேண்டாம். நள்ளிரவுக்கு மேல் ஒரு சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையாக நடக்கவைத்தார்கள். என் பாஸ்போர்ட்டை வாங்கி விவரங்களை ஒரு பேரேட்டில் எழுதிக்கொண்டார்கள். தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு அம்மா அட்டையைப் பல்லில் கடித்துக்கொண்டு நடந்தார்.

விடிந்த பிறகு சாலை போடும் இடங்கள். பெண்களும் சின்னப் பெண்களும் கல்லை உடைத்துக் கூடையில் சுமந்து கையாலேயே அடுக்குகிறார்கள், பீப்பாயில் தார் விறகு நெருப்பில் கொதிக்கிறது. கூலி உண்டா, கட்டாய வேலையா என்று பேருந்திலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. பக்கத்து இருக்கைக்காரர் ஜன்னல் திரையை இழுத்துவிட்டார், வெயிலுக்காக இருக்கலாம்.

நாள் 6, 7

மாண்டலே அரண்மனை மதில் ஒரு பக்கம் மட்டும் இரண்டு கிலோமீட்டர். உள்ளே இன்றும் ராணுவ முகாம். வெளியே சிவப்புப் பலகையில், நாட்டுக்குத் தீங்கு செய்பவர்களை ராணுவமும் மக்களும் சேர்ந்து நசுக்குவோம் என்று எழுதியிருக்கிறது. சீட்டு வாங்கி உள்ளே போகவில்லை. அகழிக் கரையில் நடந்தேன், தண்ணீர் தெளிவாக இருந்தது.

இரவு 39ஆம் தெருவில் மீசைச் சகோதரர்கள் என்ற நகைச்சுவைக் குழுவின் ஆட்டம். வீட்டின் முன்னறையில் பத்துப் பிளாஸ்டிக் நாற்காலி. இவர்கள் 1996 ஜனவரி 4, சுதந்திர தினத்தன்று, சூச்சியின் வீட்டில் ராணுவத் தளபதிகளைக் கிண்டல் செய்து ஆடியதற்காகப் பர் பர் லேக்கும் லூ ஜோவுக்கும் ஏழு வருடச் சிறை கொடுத்தார்கள். 2001-ல் வெளியே வந்த பிறகு பர்மியர்கள் முன்னால் ஆடக் கூடாது என்று தடை. ஊர் ஊராகத் திருவிழாவில் விடிய விடிய ஆடிய குடும்பம் அதன்பின் தங்கள் வீட்டுக்குள் வெளிநாட்டுக்காரர்களுக்கு ஆங்கிலத்தில் ஆடிவந்தது. பல் வலிக்கு இந்தியா வரை போன பர்மாக்காரனிடம் உங்கள் ஊரில் பல் மருத்துவரே இல்லையா என்று கேட்டார்களாம், இருக்கிறார்கள், ஆனால் எங்களுக்கு வாய் திறக்க அனுமதி இல்லை என்றானாம். இந்த நகைச்சுவையை முன்பே படித்திருக்கிறேன். அந்த அறையில், அந்த வீட்டிலிருந்து சிறைக்குப் போய் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்து, அவர்களுடைய பிள்ளைகள் பக்கத்து அறையில் இருக்கும்போது கேட்பது வேறு. நாங்கள் பார்வையாளர்களாக வருவதால்தான் அவர்களைத் தொடாமல் இருக்கிறார்கள் என்றார் அவர்களில் மூன்றாமவரான லூ மோ. வராதீர்கள் என்பதற்கும் வாருங்கள் என்பதற்கும் நடுவில் நான் ஒரு வருடம் நின்றேனே, அன்றிரவுதான் கால் ஊன்றியது மாதிரி இருந்தது. இன்னொரு நகைச்சுவைக் கலைஞர் சர்கனார் 2008-ல் நர்கீஸ் புயலில் சிதைந்த கிராமங்களுக்கு அரிசி கொண்டுபோனார், அரசு உதவவில்லை என்று வெளியே பேசினார். நான் போனபோது அவர் சிறையில் இருந்தார், 35 வருடத் தண்டனை. அந்தப் புயலில் செத்தவர்களும் காணாமல்போனவர்களும் ஏறக்குறைய 1,38,000 பேர். புயல் அடித்து ஏறக்குறைய ஒரு வாரத்திலேயே புதிய அரசியல் சட்டத்துக்கு வாக்கெடுப்பு நடத்தினார்கள், நாடாளுமன்றத்தில் கால் பங்கு இடம் ராணுவத்துக்கு.

நாள் 8, 9, 10

பகான். வாசலில் வெளிநாட்டவருக்கு 10 டாலர். முகத்தைப் பார்த்து என்னை யாரும் இறக்கவில்லை, ஆனால் விடுதியில் சீட்டு இல்லாமல் பதியமாட்டோம், எங்களுக்குத்தான் தொந்தரவு என்றார்கள். போய்க் கட்டிவிட்டு வந்தேன்.

இரண்டாயிரத்துக்கு மேல் கோயில்கள், குதிரை வண்டியில் எவ்வளவு போனாலும் தீராது. வண்டிக்காரர் ஆனந்தா கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு வெற்று வெளியைக் காட்டி, இங்கேதான் எங்கள் வீடு என்றார். 1990-ல் பழைய பகானில் இருந்த ஊரையே சில நாள் அவகாசத்தில் காலிசெய்து, தெற்கே வேர்க்கடலை விளையும் வெறும் நிலத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அதுதான் புதிய பகான். அந்த ஆண்டு மே மாதத்தில்தான் தேர்தல் நடந்து, சூச்சியின் கட்சி 392 இடத்தில் ஜெயித்தது. ஜெயித்தவர்கள் ஒருநாளும் சபையில் உட்காரவில்லை. அவர் இதை நான் கேட்காமல்தான் சொன்னார். குதிரைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல்.

எனக்கு இங்கே தேட ஒன்று இருந்தது. பகானில் கிடைத்த 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. மலைமண்டலத்து (இன்றைய கேரளம்) மகோதயர்பட்டணத்தைச் சேர்ந்த குலசேகர நம்பி என்பவர் 'நானாதேசி விண்ணகர்' என்ற பெருமாள் கோயிலுக்கு மண்டபம் கட்டி, கதவு போட்டு, நின்றெரிய ஒரு நிலைவிளக்கும் கொடுத்ததைச் சொல்கிறது. நாடு நாடாய்ப் போகும் வணிகர்களின் கோயில். இன்று பகானில் நிற்கும் ஒரே பெருமாள் கோயிலான நட்லாவுங் சாவுங்கில் கருடன்மேல் இருந்த சிலையைக் காணோம், சுவர்களில் பாதி காலி. உள்ளே என்னைத் தவிர யாரும் இல்லை. எண்ணூறு வருடத்துக்கு முன்னால் ஒருவர் இவ்வளவு தூரம் கடல் தாண்டி வந்து, தன் பெயர், ஊர், கொடுத்த விளக்கு எல்லாவற்றையும் கல்லில் வெட்டிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் என் நோட்டிலிருந்து முந்தின இரவு மறந்துபோய் எழுதிவிட்ட ஒரு பெயரை அங்கே உட்கார்ந்து கிழித்தேன்.

மியின்கபாவில் அரக்குப் பாத்திரம் செய்யும் ஒரு வீட்டில் அரை நாள் இருந்தேன். மூங்கில் இழையையும் குதிரை மயிரையும் பின்னிக் கிண்ணம் ஆக்கி, மரத்துப் பாலைக் கையால் பூசி, நிலவறையில் காயவைத்து, மறுபடி பூசி, ஒரு நல்ல கிண்ணத்துக்கு மாதக்கணக்கில் ஆகிறது. விளிம்பை அழுத்தினால் இரண்டு பக்கமும் தொடும், விட்டால் திரும்பி வட்டமாகும். நான்கு வாங்கினேன், பேரம் பேசவில்லை.

நாள் 11, 12

மறுபடி ரங்கூன், பேருந்தில் ஏறக்குறைய பதினைந்து மணி நேரம். தேநீர்க் கடைக்குப் போனேன். பெரியவர் எனக்காகக் காத்திருந்தார் என்று நினைக்கிறேன். கிளம்பும்போது செய்தித்தாளில் மடித்து ஒரு உறை. "தங்கச்சிக்கு. தபால்ல போட்டா பிரிச்சுப் பார்க்கிறாங்க, பாதி போறதே இல்ல. அரசியல் ஒண்ணும் எழுதல தம்பி, வீட்டு விஷயந்தான்." நான் அழுக்குத் துணிகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டேன். விமான நிலையத்தில் 10 டாலர் புறப்பாட்டு வரி, பையைத் திறக்கச் சொல்லவில்லை, அதுவரை என் கை ஈரமாகத்தான் இருந்தது.

கணக்கு: பன்னிரண்டு நாளில் செலவு 340 டாலர். விசா, ஷ்வேடகோன், பகான், புறப்பாட்டு வரி என்று நேரடியாக அரசாங்கத்திடம் கைமாறியது 50. விடுதிகளும் பேருந்துகளும் கட்டும் வரியை நான் கணக்கிட முடியாது. மிச்சம் நான் பார்த்த கைகளுக்குப் போனது. அந்த 50 எனக்கு இன்னும் உறுத்துகிறது. கூட்டமாக வந்து பெரிய விடுதியில் தங்குகிறவர்களுக்கு இந்த விகிதம் தலைகீழாகும், அப்படிப் போகிறவர்கள் போகாமலே இருக்கலாம் என்று நான் நினைக்கிறேன்.

ஊர் வந்த பிறகு

கடிதத்தைப் போன ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்கு அரசு ஒதுக்கிய குடியிருப்பு ஒன்றில் இருக்கிறார். வாசலிலேயே நின்று படித்தார், இரண்டு பக்கம், ரொம்ப நேரம் ஆனது. "அண்ணனுக்குப் பல்லெல்லாம் இருக்கா தம்பி?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அப்புறம் உள்ளே கூப்பிட்டு மொயிங்கா (மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ்) போட்டுக் கொடுத்தார், ரங்கூனில் சாப்பிட்டதைவிட நன்றாக இருந்தது, அதற்குப் போடும் நாப்பிதான் (புளிக்கவைத்த மீன் விழுது) இங்கே சரியாகக் கிடைப்பதில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார்.

பதில் கடிதமும் எழுதி ஒட்டி என்னிடமே கொடுத்திருக்கிறார். இந்த வருடம் தேர்தல் என்று சொல்கிறார்கள், தேதி சொல்லவில்லை, அந்த நேரத்தில் விசா கொடுப்பார்களோ என்னவோ. டிசம்பரில் போகலாம் என்று பார்க்கிறேன். அதுவரை உறை என் அலமாரியில், அந்த டாலர் வைத்திருந்த புத்தகத்துக்குள் இருக்கிறது.